சிறுநீரகத்தில் பிறை தெரிந்தால்

மாதக்கணக்கில் மூக்கடைப்பு, சிந்தினால் ரத்தத் துணுக்கு, மாலையில் லேசான காய்ச்சல், மூட்டு வலி, எடைக் குறைவு. ஐம்பது, அறுபது வயதில் ஒருவர் இப்படிப் போய் நின்றால் சைனஸ் என்பார்கள். நெஞ்சு எக்ஸ்-ரேயில் கட்டியோ குழிவோ தெரிந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அதில் தப்பில்லை, இங்கே அதுதான் அதிகம். ஆனால் சளியில் கிருமி அகப்படாமலே காசநோய் மாத்திரை விழுங்கும் சிலருக்கு உண்மையில் இருப்பது வாஸ்குலைட்டிஸ் எனும் ரத்தநாள அழற்சி. அது தெரியவருவதற்குள் சிறுநீரகம் பாதி போயிருக்கும். வலி மட்டும் இருந்திருக்காது.

நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் கிருமியை ஒழிக்க பிஆர்3, எம்பிஓ என்ற புரதங்களைத் தமக்குள் வைத்திருக்கின்றன. சிலரின் உடல் இவற்றுக்கு எதிராகவே ஆன்டிபாடியை உண்டாக்கிவிடும். அதன் பெயர் 'ஆங்கா'. அது ஒட்டியதும் வெள்ளணு வெறிகொண்டு, சிறிய ரத்தநாளங்களின் சுவரில் போய் வெடிக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நுண்நாளங்கள் சுருண்ட வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் உண்டு. இந்த நோய்க்கு அதைவிட வாகான இடம் கிடையாது. வடிகட்டியின் சுவர் கிழிந்து ரத்தம் கசிய, சுற்றியுள்ள உறையில் செல்கள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. பயாப்ஸியில் அந்த அடைப்பு பிறைநிலா வடிவில் தெரியும். புதுப் பிறை மருந்துக்குக் கரையலாம். தழும்பாக இறுகிவிட்டால் கரையாது. ஒன்று மற்றொன்றாக மாறச் சில வாரங்கள் போதும்.

சிலருக்குச் சிறுநீர் கோலா நிறத்தில் போகும், நுரைக்கும். பலருக்குப் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. லேபில் அதைச் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும். கல்லடைப்பில் வரும் சிவப்பணு வட்டமாக, முழுசாக இருக்கும். வடிகட்டி வழியாகப் பிதுங்கி வந்த அணுவோ நெளிந்து, ஓரத்தில் மிக்கி மவுஸ் காதுபோலக் கொப்புளித்திருக்கும். அணுக்கள் குழாய் வடிவில் வார்த்தெடுத்தது போலத் திரண்டிருந்தால், ரத்தம் வடிகட்டியிலிருந்துதான் வருகிறது என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் மாதிரி புதிதாக இருக்க வேண்டும். மணிக்கணக்கில் வைத்திருந்தால் எல்லாம் சிதைந்துபோகும். ரத்தத்தில் பார்க்கும் க்ரியாட்டினின் இவ்வளவு சுறுசுறுப்பானதல்ல. சிறுநீரகத்தின் திறன் பாதி குறைந்த பிறகுதான் பலருக்கு அது எல்லையைத் தாண்டும். 'க்ரியாட்டினின் நார்மல்' என்ற ஒற்றை வரியோடு நிம்மதியாக வீடு திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. செலவு குறைந்த சிறுநீர்ச் சோதனை இருக்க, அதை யாரும் கேட்பதில்லை.

சிகிச்சை இல்லாத காலத்தில், இந்நோயின் கடுமையான வகை வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். 1970-களில் சைக்ளோபாஸ்பமைடையும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்து அந்தக் கணக்கை மாற்றியவர்களில் ஒருவர் ஆன்டனி ஃபவுச்சி. ஆம், கோவிட் காலத்தில் டிவியில் பார்த்த அதே மருத்துவர்தான். 2010-இல் ரிட்டுக்ஸிமாப் ஊசியும் சைக்ளோபாஸ்பமைடுக்கு இணையாக வேலை செய்வது தெரிந்தது.

இப்போதைய தலைவலி, எதிர்ப்பு சக்தியை அடக்கும் இந்த மருந்துகள்தான். முதல் ஆண்டில் நோயைவிடத் தொற்றுக்கு அதிகம் பேர் பலியாகிறார்கள். 2020-இல் வெளியான, 704 பேர் பங்கேற்ற பெக்ஸிவாஸ் ஆய்வில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. பெருஞ்செலவில் செய்யும் பிளாஸ்மா மாற்றம், இறப்பையோ சிறுநீரகச் செயலிழப்பையோ குறைத்ததாக நிரூபணமாகவில்லை. ஸ்டீராய்டை வழக்கத்தைவிட வேகமாகக் குறைத்தவர்களுக்குப் பலன் குறையவில்லை, கடுமையான தொற்றும் குறைவாக வந்தது. ஆனால் மருத்துவர் அட்டவணை போட்டுக் குறைப்பது வேறு, முகம் ஊதுகிறதே என்று நாமே நிறுத்துவது வேறு. திடீரென நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். அதோடு, ஸ்டீராய்டு மருந்தால் இத்தனை நாள் ஓய்ந்திருந்த அட்ரினல் சுரப்பி ஈடுகொடுக்க முடியாமல் ரத்த அழுத்தம் சரிந்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கும்.