மொறிஸ் மைனரும் ‘ஒறிஜினல்’ தகரமும்

வாப்பாவின் மொறிஸ் மைனரைப் புதுப்பிக்க இறங்கியபோது எஞ்சினில் பெரிய வேலை இருக்கவில்லை. அடித்தகரம்தான் அரித்துப் போயிருந்தது. காத்தான்குடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றுக்கு எந்தத் தகரம் நிற்கும்?

லொறியைப் போல மைனருக்குத் தனிச் சேஸி கிடையாது. அடித்தகரமும் சேர்ந்துதான் பாரம் தாங்குகிறது. ‘ஒறிஜினல்’ என்று ஒரு கடையில் தந்த தகரத்தைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் தட்டிப் பார்த்துவிட்டு, “மெல்லிசு காக்கா, இத ஒட்டினா ஆபத்து” என்றார். விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படாது என்று பில்லில் அச்சடித்திருந்தது.

புதிதாகச் செய்த பாகமெல்லாம் மட்டம் என்றில்லை. இங்கிலாந்தில் 1948 இல் தொடங்கிய மைனர் உற்பத்தி 1971 இல் நின்றது. 1990களில் அங்குள்ள பாத் நகர மொறிஸ் மைனர் நிலையத்தின் கூட்டு முயற்சியில், நமது நாட்டிலேயே பாகங்கள் செய்து அங்கே அனுப்பினார்கள். இறக்குமதியிலேயே பழகிய நமக்கு இது புதினம்தான்!

உதிரிப்பாகம் விற்கும் சகோதரர்களே, கழற்றிய பழையதா, கம்பனியுடையதா, பின்னர் செய்ததா என்று பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எனக்கு இரண்டாம் தடவை தகரம் தந்தவர் ‘பின்னர் செய்தது’ என்று எழுதித்தான் கூடுதல் விலை வாங்கினார். இப்போது பிரேக் சாமானுக்கும் அவரிடமே போகிறேன்.