அதிகாரிக்குக் கீழ்ப்படிவதும் அநீதியை எடுத்துரைப்பதும்



"சாமி, அநியாயம் செய்கிற அதிகாரிக்கும் கிறிஸ்தவன் கீழ்ப்படியத்தான் வேண்டுமா?" விவிலிய வகுப்பில் உரோமையர் திருமுகம் 13ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் பங்கு மக்கள் கேட்கும் கேள்வி இது. 2018 மே 22 அன்று தொடங்கிய காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த தூத்துக்குடியில் இக்கேள்வியை எவரும் பொழுதுபோக்காகக் கேட்பதில்லை. ஆட்சியாளர்களுக்காக மன்றாடும்போது பதிலுரைக்க நா எழாதவர்கள் நம்மிடையே உண்டு.

தூய பவுலடியார் இதை எழுதிய காலத்தில் உரோமைப் பேரரசனாக இருந்தவன் நீரோ. அப்படியிருந்தும் அதிகாரம் கடவுளிடமிருந்தே வருகிறது என்கிறார் அவர். ஆள்வோரின் செயல்கள் எல்லாம் கடவுளிடமிருந்து வருகின்றன என்று அவர் சொல்லவில்லை. ஆள்பவரைக் கடவுளின் தொண்டர் என்றே அழைக்கிறார் (உரோ 13:4). தொண்டர் தம் தலைவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர். ஆண்டவர் இயேசுவும் பிலாத்துவின் அதிகாரத்தை மறுக்கவில்லை. அது மேலிருந்து அருளப்பட்டது என்பதை நினைவூட்டினார் (யோவா 19:11). ஆனால் பாவம் செய்யச் சொல்லும் கட்டளை வரும்போது, கடவுளுக்கே முதலில் கீழ்ப்படிய வேண்டும் என்பது திருத்தூதர்களின் நிலை (திப 5:29). அறநெறிக்கு முரணான அரசாணைகளைப் பின்பற்றாதிருப்பது மனச்சான்றின் கடமை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் (எண் 2242) கற்பிக்கிறது.

இதை வாழ்ந்து காட்டியவர் நம் முத்துக்குளித்துறையின் திருத்தூதர் தூய சவேரியார். 1542இல் அவர் இங்கு வந்தபோது நம் மூதாதையரான பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பில் இருந்தனர். அந்த அரசின் தளபதியாக இக்கடற்கரையில் இருந்த கோஸ்மே தே பைவா, தம் பொறுப்பில் இருந்த மக்களையே சுரண்டினார். அவரும் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கரே. "நம்மவர்" என்பதற்காகச் சவேரியார் அவருடைய குற்றங்களை மூடி மறைக்கவில்லை, கண்டித்தார்.

1544 செப்டம்பரில் உள்நாட்டுப் படையொன்று தூத்துக்குடியைத் தாக்கியது. தளபதியின் கப்பல் எரிந்தது. அவரும் மக்களும் அருகிலுள்ள தீவுகளுக்குத் தப்பியோடினர். ஆலந்தலையில் இருந்த சவேரியார் செய்தி கேட்ட உடனே தம் உடன்பணியாளர் பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார்: புன்னைக்காயல் மக்களைத் திரட்டி, தண்ணீர் ஏற்றிய தோணிகளோடு தீவுகளுக்கு விரைந்து செல்லுமாறு பணித்தார். உதவி கேட்டுப் பட்டங்கட்டிகளுக்கும் எழுதினார். தளபதிக்குத் தம்மோடு நல்லுறவு இல்லாததால்தான் தாமே போகவில்லை என்பதையும் குறிப்பிட்டார்.

அந்த உதவியோடு கண்டனம் நின்றுவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், தளபதி இக்கடற்கரையில் கொள்ளையடித்ததைத் திருப்பிக் கொடுத்துத் தம் மனச்சான்றைத் தூய்மையாக்க உதவுமாறு மன்சிலாசைக் கேட்டுக்கொண்டார். 1545 ஜனவரியில் போர்த்துக்கல் அரசர் மூன்றாம் ஜானுக்கே எழுதினார். வரி வசூலில் தவறும் அதிகாரிகளைத் தண்டிக்கும் அரசர், இறைப்பணிக்குத் தடையாக இருப்பவர்களை ஏன் தண்டிக்கவில்லை என்று இறுதித் தீர்ப்பு நாளில் கடவுள் கேட்பார் என எச்சரித்தார்.

நம் மூதாதையரும் இப்பாடத்தைக் கற்றிருந்தனர். 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினர். பரதவர் அவர்களுடைய ஆட்சியின் கீழும் முத்துக்குளித்தனர். ஆயினும் தங்கள் விசுவாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பனிமய அன்னையை விட்டு அகலவில்லை.

ஆகவே அன்பார்ந்தவர்களே, வரி செலுத்துவோம், சட்டத்தை மதிப்போம், பணம் வாங்காமல் வாக்களிப்போம். அநீதி நடந்தால் மனுவாக, வழக்காக, அறவழிப் போராட்டமாக அதை எடுத்துரைப்போம். 2018 துப்பாக்கிச்சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. துப்பாக்கிச்சூட்டுக்குத் தூண்டுதல் ஏதும் இருக்கவில்லை என்று அது கூறியது. உண்மை வெளிவர மக்கள் பொறுமையோடு சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. நீதி கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது.

அதே வேளையில், நமக்குத் தீங்கு செய்த அதிகாரி தாகத்தால் தவிக்கும் நாளில் தண்ணீரோடு போக நாம் ஆயத்தமா? நீதி கேட்பதைவிட இது கடினமானது என்பதை நாம் அறிவோம். வரும் ஞாயிறு திருப்பலியில் ஆட்சியாளர்களுக்காக மன்றாடும்போது (1 திமொ 2:1-2) அவர்களுடைய மனமாற்றத்தையும் சேர்த்து இறைவனிடம் கேட்போம். இரண்டுக்கும் தேவையான துணிவைப் பனிமய அன்னை நமக்குப் பெற்றுத் தருவாராக!