பன்றி செல்லை நம் ரத்தம் எப்படி அடையாளம் காண்கிறது?

'பி' குரூப் ரத்தம் உள்ளவருக்குத் தவறுதலாக 'ஏ' குரூப் ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால், ஒன்றை யோசித்திருக்கிறீர்களா? அவர் உடம்பு அதற்கு முன் 'ஏ' ரத்தத்தைப் பார்த்ததே இல்லை. பிறகு எப்படி எதிர்ப்பு சக்தி தயாராகக் காத்திருந்தது?

விலங்கு செல்களை மனிதனுக்குப் பொருத்தும் ஆராய்ச்சியை இழுத்தடிப்பதும் இதே கேள்விதான்.

ஏன் பன்றி?

டைப் 1 சர்க்கரை நோயில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடுகிறது. சிறு வயதிலேயே வரலாம். ஆயுள் முழுக்க ஊசிதான். பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். பல ஆண்டுகள் பன்றி இன்சுலினைத்தான் ஊசியாகப் போட்டார்கள். 'அந்தச் செல்களையே உடம்புக்குள் வைத்துவிட்டால் என்ன?' என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள்.

காட்டிக்கொடுக்கும் சர்க்கரை

பன்றி, மாடு, நாய், எலி ஆகியவற்றின் செல்களின் மேல் 'ஆல்ஃபா-கேல்' என்ற சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருக்கும். மனிதர்களுக்கும், மனிதக் குரங்குகளுக்கும், ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் அது கிடையாது. 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே நம் மூதாதைகள் அதை இழந்துவிட்டன.

ஆனால், நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடம் இதே போன்ற சர்க்கரை உண்டு. குழந்தைப் பருவத்திலேயே அதைப் பார்த்து உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. நம் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிகளில் சுமார் 1 சதவிகிதம் இதற்காகவே இருக்கிறது. ரத்த குரூப் விஷயத்திலும் இதேதான் நடக்கிறது.

அதனால் சாதாரணப் பன்றியின் இதயத்தையோ சிறுநீரகத்தையோ பொருத்தினால், ஆன்டிபாடிகள் அதன் ரத்தக்குழாய்ச் சுவரில் போய் ஒட்டும். ரத்தம் உறைந்து, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உறுப்பு கறுத்துப்போகும்.

எலியிடம் இந்தச் சர்க்கரை இருப்பதால், எலியில் சோதித்தால் இந்தப் பிரச்னை வெளியே தெரியாது. குரங்குகளில் சோதிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செல்கள் மட்டும் தப்பியது எப்படி?

1990-களின் தொடக்கத்தில் ஸ்வீடன் மருத்துவர்கள், சர்க்கரை நோயாளிகள் 10 பேருக்குப் பன்றிக் கருவின் கணையச் செல்களைச் செலுத்தினார்கள். ஆன்டிபாடிகள் எகிறின. யாராலும் இன்சுலின் ஊசியை நிறுத்த முடியவில்லை. ஆனால் 4 பேரின் சிறுநீரில், பன்றி இன்சுலின் சுரந்ததற்கான அடையாளம் 200 நாள்களுக்கு மேல் தெரிந்தது. சில செல்கள் பிழைத்திருந்தன!

முழு உறுப்பு தன் ரத்தக்குழாய்களோடு வருகிறது. தனியாகப் பிரித்த செல்களுக்கோ, நோயாளியின் உடம்பிலிருந்துதான் புதுக் குழாய்கள் வளர்கின்றன. ஆன்டிபாடி முதலில் தாக்கும் இடமே அங்கே குறைவு. 2006-ல் அமெரிக்காவில் நடந்த குரங்கு ஆய்வுகளில், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளின் துணையோடு, பன்றிச் செல்கள் 100 நாள்களுக்கு மேல் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தன.

குரங்கு வேறு, மனிதன் வேறு

2003-க்குள் ஆல்ஃபா-கேல் அறவே இல்லாத பன்றிகள் பிறந்தன. பிறகு, ஆன்டிபாடி குறிவைக்கும் இன்னும் இரண்டு சர்க்கரைகளின் ஜீன்களையும் நீக்கினார்கள். மூன்றும் இல்லாத பன்றிச் செல்லை, பல மனிதர்களின் ரத்தம் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் குரங்கின் ரத்தம் அதையும் தாக்குகிறது. காரணம், மூன்றில் ஒன்று குரங்குகளின் உடம்பிலேயே இயல்பாக உண்டு. அதை எடுத்துவிட்டால், பன்றிச் செல் குரங்குக்குப் புதிய அந்நியனாகத் தெரிகிறது. ஆக, மனிதனுக்குப் பொருத்தமான பன்றியைக் குரங்கில் சோதித்து முழுமையாக அறிய முடியாது.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் டேவிட் பென்னட், 10 ஜீன் மாற்றங்கள் செய்த பன்றியின் இதயத்தோடு 2 மாதம் வாழ்ந்தார். 2024 மார்ச்சில் ரிச்சர்ட் ஸ்லேமனுக்குப் பொருத்திய பன்றிச் சிறுநீரகத்தில் 69 மாற்றங்கள் இருந்தன. இருவருக்குமே உறுப்பு உடனே கறுத்துவிடவில்லை. முதல் தடை தாண்டப்பட்டுவிட்டது.

மீதித் தடை, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள். அவற்றைத் தொடர்ந்து சாப்பிட்டால் தொற்று சுலபமாக வரும், சிறுநீரகம் பாதிக்கலாம். இன்சுலின் ஊசியோடு நன்றாக இருக்கும் ஒரு குழந்தைக்கு இந்தப் பண்டமாற்று லாபமா என்பதுதான் மருத்துவர்கள் முன் நிற்கும் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்கும்வரை, 'பன்றிச் செல் வந்துவிட்டது' என்று எந்த வீடியோ சொன்னாலும் இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள்.