கணினிக்கு முகவரி கிடைப்பது எங்ஙனம்?

பள்ளியொன்றின் கணினி அறையில் முப்பது கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். காலையில் அவற்றை இயக்கிய சிறிது நேரத்தில் அனைத்தும் இணையத்துடன் தொடர்பு கொள்கின்றன. விலாசமற்ற வீட்டிற்குக் கடிதம் வந்து சேராது. அவ்வாறே, எண் முகவரி பெறாத கணினிக்கும் மறுமொழி வந்து சேராது. எனினும் அம்முகவரியை அங்கு எவரும் தட்டச்சு செய்யவில்லை. அஃது எங்கிருந்து வந்தது?

முன்னர் ஒவ்வொரு கணினியிலும் இவ்வெண்ணைக் கையாலேயே பதிய வேண்டியிருந்தது. கைத்தவறால் இரண்டு கணினிகளுக்கு ஒரே எண் அமைந்துவிட்டால் இரண்டின் தொடர்பும் குலையும். இத்தொல்லையை நீக்க 1985ஆம் ஆண்டில் 'பூட்பி' என்னும் முறை வகுக்கப்பட்டது. அதிலும் ஒவ்வொரு கணினியின் விவரத்தையும் முன்கூட்டியே அட்டவணையில் எழுதி வைத்தல் வேண்டும். 1993இல் அமெரிக்காவின் பக்நெல் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த ரால்ஃப் டிராம்ஸ் என்பார் அம்முறையை விரிவுபடுத்தி, 'டி.எச்.சி.பி.' என்னும் நெறியை வரையறுத்தார். 1997இல் திருத்தப்பெற்ற அதன் வடிவமே இன்றும் அடிப்படையாக விளங்குகிறது.

இந்நெறியில் நான்கு செய்திகள் உள. புதிய கணினிக்குத் தன் முகவரியும் தெரியாது. யாரிடம் கேட்பது என்பதும் தெரியாது. ஆதலின் அது, "முகவரி அளிப்பவர் உளரோ?" என வலையமைப்பிலுள்ள அனைவருக்கும் அறிவிக்கிறது. இது முதற்செய்தி. சர்வர் ஓர் எண்ணைக் குறிப்பிட்டு, "இதனைத் தருகிறேன்" என்கிறது. "அதனையே ஏற்கிறேன்" எனக் கணினி மீண்டும் அனைவருக்கும் கூறுகிறது. வேறு சர்வர்கள் எண் அளிக்க முன்வந்திருப்பின், அவை தம் எண்ணைத் திரும்பப் பெறுதற்கே இவ்வேற்பாடு. இறுதியில் சர்வர் உறுதி கூறுகிறது. வெளியுலகிற்கு வழிகாட்டும் ரவுட்டரின் முகவரியும், இணையப் பெயர்களை எண்களாக மாற்றித் தரும் சர்வரின் முகவரியும் பெரும்பாலும் உடன் வருகின்றன. சிறு அலுவலகங்களில் பொதுவாக ரவுட்டரே இச்சர்வரின் பணியையும் செய்கிறது.

பெற்ற எண் சொந்தமன்று, குத்தகையே. குத்தகை எட்டு மணி நேரமெனின், வழக்கமாக நான்கு மணி கழிந்ததும் கணினி அதனைப் புதுப்பிக்க முயலும். விடையில்லையேல், ஏழாம் மணியில் எந்தச் சர்வராயினும் உதவுமாறு அனைவரிடமும் கேட்கும். அதற்கும் விடையில்லையேல், தவணை முடிந்ததும் எண்ணைக் கைவிடல் வேண்டும்.

குத்தகை ஏன்? சாதாரணச் சிறு வலையமைப்பில் 254 எண்களே உள்ளன. பயிற்சி முகாமுக்கு வருவோர் தம் கைபேசிகளை இணைத்துவிட்டுச் சென்றுவிட்டால், தவணை முடியும்வரை அவ்வெண்கள் முடங்கிக் கிடக்கும். அடுத்து வருவோர்க்கு எண் கிட்டாது. அத்தகைய இடங்களில் தவணையைக் குறைத்து வைத்தலே தக்கது.

களப்பணியாளரும் ஆசிரியரும் இரண்டு குறிகளை நினைவிற் கொள்வது நலம். கணினியின் முகவரி 169.254 எனத் தொடங்கினால், சர்வரிடமிருந்து விடை வராமையால் கணினி தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது எனப் பொருள். இணையச் சேவை அளிப்போருக்குப் புகார் எழுதுமுன், கம்பியையும் ரவுட்டரையும் சோதித்தல் வேண்டும். மற்றொன்று, எவரேனும் வேறொரு ரவுட்டரைக் கொணர்ந்து அறையில் இணைத்தால், அதுவும் எண் வழங்கத் தொடங்கலாம். விடையளிப்பவர் அதற்கு உரியவர்தாமா எனக் கணினி ஆராய்வதில்லை. அதனால் சில கணினிகள் இயங்கும், சில இயங்கா. பழுது கணினியில் இல்லை. அழையாது வந்த அக்கருவியை அகற்றினால், தவறான எண் பெற்ற கணினிகள் மீண்டும் கேட்டுச் சரியான முகவரி பெறும்.

நான்கு மாணவர்களை நிறுத்தி, நான்கு சீட்டுகளில் இச்செய்திகளை எழுதிப் பரிமாறச் செய்தால், வகுப்பில் இப்பாடம் எளிதில் விளங்கும்.