மலைப்பாதையும் பூட்டுமிதியும்

துவிச்சக்கரவண்டி என்றால் யாழ்ப்பாணம், மலைநாடு என்றால் நடை என்று முன்னர் சொல்வதுண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஹட்டன் நகரம் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவோ ஆறாயிரம் அடியையும் தாண்டியது. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் இடையே ஏற்றமும் இறக்கமும் இல்லாத பாதையைக் காண்பது அரிது. கியர் இல்லாத பழைய வண்டியை அங்கே மிதித்தவர்களைவிடத் தள்ளிக்கொண்டு நடந்தவர்களே அதிகம். பல கியர்களும் தடித்த டயர்களும் உள்ள மலைச் சைக்கிள் வந்த பின்னர் நிலைமை மெல்ல மாறியது. 2022ஆம் ஆண்டில், எரிபொருளுக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் காத்து நின்ற மாதங்களில், சைக்கிளை ஒருகாலும் எண்ணிப் பாராதவர்கள்கூட அதனை நாடினர்.

இவ்வாறு மலைச் சைக்கிளில் ஏறிய இளைஞர்கள், சில மாதப் பழக்கத்துக்குப் பின் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. வெளிநாட்டுப் பந்தய வீரர்களின் சப்பாத்து மிதிகட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதைப் போன்ற மிதியை நாமும் பூட்டலாமா, பூட்டுவதானால் எதைத் தெரிவு செய்வது என்பதே அக்கேள்வி. இன்று அதைப் பற்றியே பேசப் போகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இதனை ஆங்கிலேயர் ‘கிளிப்லெஸ்’ மிதி என்கின்றனர். கிளிப் இல்லாத மிதி என்பது அதன் பொருள். காலைக் கவ்விப் பிடிக்கும் மிதிக்குக் கவ்வி இல்லாதது என்று பெயரா என நேயர்கள் வியக்கலாம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலப் பந்தய வீரர்கள் மிதியின் முன்புறத்தில் கம்பிக் கூடு ஒன்றைப் பொருத்தி, அதற்குள் பாதத்தின் முனையை நுழைத்துத் தோல்வாரினால் இறுக்கிக் கட்டினர். அந்தக் கூட்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். கூட்டை நீக்கிவிட்டு, சப்பாத்தின் அடியில் ஓர் உலோகத் துண்டைத் திருகி, அத்துண்டை மிதியில் உள்ள வில் கவ்விக்கொள்ளுமாறு செய்தபோது, கூடு இல்லாத மிதி என்ற பொருளில் இப்பெயர் வழங்கலாயிற்று. நாம் இதனைப் பூட்டுமிதி என்று அழைப்போம், குழப்பம் இராது. சப்பாத்தின் அடியில் உள்ள துண்டைக் கிளீட் என்கிறார்கள். அச்சொல் இங்கும் வழக்கில் இருப்பதால் அப்படியே இருக்கட்டும்.

இத்தாலியின் சினெல்லி நிறுவனம் 1971இல் ஒரு பூட்டுமிதியை வெளியிட்டது. காலை விடுவிக்க வேண்டுமானால் குனிந்து, கையினால் ஒரு நெம்பினைத் தள்ள வேண்டும்! விழப்போகிறவனுக்குக் குனிவதற்கு நேரம் ஏது? அதற்கு ‘மரணக் கிளீட்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பின்னர், பனிச்சறுக்குக் கட்டைகளுக்குக் காற்பூட்டுச் செய்துவந்த பிரெஞ்சு நிறுவனமான லூக், தன் அனுபவத்தைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. பனியில் விழுபவனின் கால் முறியாமல் பூட்டுத் தானே திறக்க வேண்டும் என்பது அவர்கள் நன்கறிந்த பாடம். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பியதும் கழன்றுவிடும் மிதியை அவர்கள் 1984இல் வெளியிட்டனர். மறு ஆண்டே பெர்னார் ஹினோ அந்த மிதிகளோடு பிரான்ஸ் நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் வென்றார். ஆயினும் அது தார்ச்சாலைக்கு உரியது. சேற்றிலும் கல்லிலும் இறங்கி நடப்பவருக்கென ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1990இல் எஸ்.பி.டி. என்னும் மிதியைக் கொண்டுவந்தது. அதன் கிளீட் சிறியது. சப்பாத்தின் றப்பர் அடிக்குள் பதிந்திருப்பது. இன்று மலைச் சைக்கிளுக்கு விற்கப்படும் பூட்டுமிதிகளில் பெரும்பாலானவை இந்த ஏற்பாட்டையே ஏதோவொரு வகையில் தழுவியவை.

இனி, இதனால் வரும் நன்மை யாது? காலைக் கீழே அழுத்துவதோடு மேலேயும் இழுக்கலாம், ஆகவே இருமடங்கு வலிமை கிடைக்கும் என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. இதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தேர்ந்த சைக்கிளோட்டிகளிடம் விசையளவிகளைப் பொருத்திச் செய்த ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. வேண்டுமென்றே காலை மேலிழுத்து மிதித்தவர்கள், அதே வேலைக்குக் கூடுதலான சக்தியைச் செலவிட்டதாகவே அதில் தெரியவந்தது. இயல்பாக மிதிப்பதே சிக்கனம். பூட்டுமிதியின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. கொழுந்து லொறிகள் ஓடி ஓடிப் பெயர்ந்த கற்பாதையில் வேகமாக இறங்கும்போது வண்டி குதிக்கிறது. பாதம் மிதியைவிட்டு எழும்புகிறது. அது மீண்டும் சரியான இடத்தில் வந்து அமரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தவறினால் மிதியின் விளிம்பு கெண்டைக்காலைக் கிழித்துவிடும். பூட்டுமிதியில் பாதம் ஒரே இடத்தில் நிலைக்கிறது. நெடுநேரம் ஏறும்போதும் கால் வழுவாது.

நன்மை இவ்வளவே என்று வைத்துக்கொண்டால், தெரிவு செய்யும் முறை தலைகீழாக மாறிவிடுகிறது. எந்த மிதி காலை இறுகப் பிடிக்கும் என்று பார்ப்பதைவிட, எந்த மிதி காலை உடனே விடும் என்றே நாம் முதலில் பார்க்க வேண்டும். மலைநாட்டுப் பாதையின் அமைப்பே இதற்குக் காரணம்.

நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில் உள்ள தோட்டப் பாதையொன்றை நினைத்துப் பாருங்கள். மலைச்சரிவை வெட்டி அமைத்த ஒடுங்கிய பாதை அது. ஒரு பக்கம் மண்சுவர். அதன் அடியில் தண்ணீர் ஓடும் கான். மறுபக்கம் பள்ளம், அங்கே தேயிலைச் செடிகளின் தலை நம் காலடிக்குக் கீழே தெரியும். செங்குத்தான ஏற்றத்தில் மூச்சு முட்டி வண்டி நின்றுபோகிறது. பூட்டுமிதியில் விழுகிறவர்களிற் பலர் வேகத்தில் விழுவதில்லை. இப்படி நின்ற நிலையிலேயே சாய்கிறார்கள். அந்தக் கணத்தில் மலைப்பக்கத்துக் காலை விடுவித்தவன் ஊன்றிக்கொள்வான். மிஞ்சினால் கானுக்குள் கால் வைப்பான். பள்ளத்துப் பக்கத்துக் காலை விடுவித்தவனுக்கோ ஊன்றுவதற்கு நிலமில்லை. சமதரையில் பழகியவர்கள் எப்போதும் ஒரே காலை, பெரும்பாலும் இடக்காலை, விடுவித்து நிற்கப் பழகிவிடுகிறார்கள். மலையில் இது செல்லாது. போகும்போது இடப்புறமிருந்த பள்ளம் திரும்பும்போது வலப்புறத்தில் இருக்கும். கொண்டையூசி வளைவுகளில் ஏறினாலோ ஒவ்வொரு வளைவுக்கும் பக்கம் மாறும். ஆகவே இரு காலும் ஒன்றுபோல விடுபடும் மிதியும், இரு காலையும் விடுவிக்கும் பழக்கமும் நமக்குத் தேவை.

எஸ்.பி.டி. மிதிகளோடு பெட்டியில் வரும் கிளீட் பெரும்பாலும் எஸ்.எச். 51 என்னும் எண் உடையது. குதிகாலை வெளியே திருப்பினால் மட்டுமே அது கழலும். எஸ்.எச். 56 என்னும் வேறொரு வகை உண்டு. அது வெளியே திருப்பினாலும், உள்ளே திருப்பினாலும், பலமாக மேலே இழுத்தாலும் கழலும். பந்தய வீரர்கள் இதனை விரும்புவதில்லை. எழுந்து நின்று மிதிக்கும்போது எதிர்பாராமல் கழன்றுவிடுகிறது என்பார்கள். அது மெய்யே. ஆயினும் தோட்டப் பாதையில் புதிதாகப் பழகும் ஒருவர், வேண்டாதபோது கழல்வதையும் வேண்டியபோது கழலாததையும் சீர்தூக்கிப் பார்த்தால், இரண்டாவதே பெருந்தீங்கு என்று காண்பார். அவருக்கு எஸ்.எச். 56 தான் என் சிபாரிசு. மேலும் அம்மிதிகளில் வில்லின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகாணி ஒன்றிருக்கும். இருபக்க மிதிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு சோடிக்கு நான்கு திருகாணிகள். நான்கையும் மிகத் தளர்வான நிலையில் வைத்தே தொடங்க வேண்டும். நான்கும் ஒரே அளவில் இருத்தலும் முக்கியம். ஒரு பக்கம் தளர்ந்தும் மறுபக்கம் இறுகியும் இருந்தால் கால் ஏமாந்துபோகும்.

அடுத்தது சேறு. வட்டவளையில் ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. இலங்கையிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் அதுவும் ஒன்று. மே மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் கினிகத்தேனை முதல் ஹட்டன் வரை மண் பாதைகளின் நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை. களிமண் சப்பாத்தின் அடியில் அப்பிக் கிளீட்டையே மூடிவிடும். மிதியின் கவ்விக்குள்ளும் புகுந்துகொள்ளும். இதற்கு ஏற்றது கிராங்க் பிரதர்ஸ் நிறுவனத்தாரின், முட்டை அடிக்கும் கம்பியைப் போன்ற திறந்த மிதி. நாற்புறமும் திறந்திருப்பதால் சேறு தானே வெளியேறும். எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கால் பூட்டிக்கொள்ளும். ஆனால் அதன் வில்லின் இறுக்கத்தை மாற்ற இயலாது. கிளீட்டும் பித்தளை. பித்தளை மெதுவானது, கல்லில் நடந்தால் விரைவில் தேயும். லயங்களுக்கும் தேயிலை மலைகளுக்கும் இடையே எத்தனை கற்படிகள் என்பதை எண்ணிப் பாருங்கள்! வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அடிக்கடி படியேறுகிறவர் எஸ்.பி.டி.யின் உருக்குக் கிளீட்டையே நாடுவது நல்லது. இறங்கி நடக்காமல் சேற்றுப் பாதைகளிலேயே ஓட்டுகிறவருக்குத் திறந்த மிதி பொருந்தும்.

சப்பாத்தைப் பற்றியும் ஒரு சொல். தார்ச்சாலைப் பந்தயத்துக்குரிய சப்பாத்தில் கிளீட் மூன்று திருகாணிகளால் பொருத்தப்பட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நனைந்த கல்லில் அதனை அணிந்து நடப்பது வாழைப்பழத் தோலில் நடப்பதற்கு ஒப்பாகும். நமக்கு வேண்டியது இரண்டு திருகாணிக் கிளீட்டும், ஆழமான றப்பர்ப் பற்களும் உள்ள மலைச் சப்பாத்து. நுவரெலியாக் குளிரில் நனைந்த சப்பாத்து இரண்டு நாளாகியும் காயாது. பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடுப்பங்கரையில் மிக அருகே வைக்கலாகாது. ஒட்டுப் பசை இளகி அடிப்பாகம் கழன்றுவிடும்.

வேலைக்கும் கடைக்கும் செருப்போடு போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலையேறுகிறவர் என்ன செய்வது? ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் பூட்டோடும் அமைந்த மிதிகள் கிடைக்கின்றன. ஒரே வண்டியை வீட்டில் பலர் பாவிப்பதானால் இதுவே வசதி. குறை என்னவெனில், கரடுமுரடான இறக்கத்தில் கால் ஒருமுறை கழன்றால் சரியான பக்கத்தைத் தேட வேண்டியிருக்கும். இன்னுமொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிறு முட்கள் பதித்த நல்ல தட்டை மிதியும், அடி மெதுவான றப்பர்ச் சப்பாத்தும் இருந்தால், பூட்டே இல்லாமலும் மலைநாடெங்கும் சுற்றலாம். திறமை மிக்க பலர் அப்படியே ஓட்டுகிறார்கள்.

கடைக்குப் போகுமுன் ஓர் எச்சரிக்கை. கிளீட் தேயும் பொருள். ஆகவே மிதியின் விலையை மட்டும் கேட்காமல், அதற்குரிய கிளீட் கண்டியிலோ கொழும்பிலோ தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

பொருத்தும்போது, வலப்புற மிதி வழக்கம்போல வலஞ்சுழியாக இறுகும். இடப்புற மிதியின் மரை எதிர்ப்புறமாகச் செல்லும். இதை அறியாது பலவந்தமாகத் திருகினால் கிராங்கின் மரை அழிந்துவிடும். கிளீட்டைப் பாதத்தின் பெருவிரல் மூட்டுக்கு நேராகவோ அதற்குச் சற்றுப் பின்னாகவோ வைக்கலாம். அதன் கோணத்தைத் தீர்மானிக்க, ஒரு மேசையில் அமர்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். விரல்கள் இயல்பாக எந்தத் திசையை நோக்குகின்றனவோ அந்தத் திசைக்கே கிளீட்டும் அமைய வேண்டும். மாறாக வைத்தால், நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறி முடிப்பதற்குள் முழங்கால் நோவெடுக்கும்.

பழகுவதற்குத் தோட்டத்து விளையாட்டுத் திடலின் புல்தரையே சிறந்த இடம். முதலில் சுவரைப் பிடித்தபடி வண்டியில் அமர்ந்து, ஒவ்வொரு காலையும் ஐம்பது தடவையேனும் பூட்டி விடுவிக்க வேண்டும். பின்னர் மெல்ல ஓட்டி, நிற்பதற்கு முன்பே விடுவிக்க வேண்டும். நின்ற பின்னர் அன்று. வலக்கால், இடக்கால் என்று மாறி மாறிச் செய்வது அவசியம்.

கிளீட்டின் இரு திருகாணிகளுக்கும் சிறிது கிறீஸ் தடவியே பூட்டுங்கள். இல்லையேல் ஒரு மழைக்காலத்துக்குள் துருவேறி அசையாமல் போய்விடும். முதல் மூன்று நான்கு சவாரிகளுக்குப் பின் அவற்றை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று கழன்று விழுந்துவிட்டால், குதிகாலைத் திருப்பும்போது சப்பாத்து மட்டும் திரும்பும்; கிளீட் மிதியோடு அப்படியே நிற்கும்; கால் விடுபடாது. அப்படி நேர்ந்தால் சப்பாத்தின் வாரை அவிழ்த்து, காலை மட்டும் உருவிக்கொண்டு இறங்க வேண்டும். ஆகவே நான்கு மில்லிமீற்றர் அறுகோணச் சாவி ஒன்றும், உதிரித் திருகாணி ஒன்றும் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.