வரம்புக்குள் இருந்த எண்

மாணவர்களே, சிறுநீரகக் கல் அகற்றப்பெற்ற பின் என் இரத்தச் சோதனைத் தாளில் ‘கிரியாட்டினின் 1.2’ என்றிருந்தது. வரம்புக்குள் இருக்கிறதென்று மகிழ்ந்தேன். மதிப்பெண் பார்த்தே பழகிய கண்கள் அல்லவா! மருத்துவரோ அடுத்த வரியைக் காட்டினார்.

கிரியாட்டினின் தசைகளில் உண்டாகும் கழிவு. சிறுநீரகங்கள் அதனை வடித்து வெளியேற்றுகின்றன. வடிப்பது குறைந்தால் இரத்தத்தில் அது மிகும். ஆனால் தசை வற்றிய முதியவரிடம் கழிவே குறைவு. ஆகவே வயதையும் ஆண் பெண் வேறுபாட்டையும் சேர்த்து வடிதிறனைக் கணிக்கிறார்கள். அதே 1.2, இருபது வயது இளைஞனுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 89 மில்லிலிட்டர்; அறுபத்தாறு வயதான எனக்கு 67. மூன்று திங்களுக்கு மேல் அது 60-க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பர்.

இன்னொன்று: ஒரு பக்கம் கல் அடைத்தாலும் மறுபக்கச் சிறுநீரகம் சுமையை ஏற்று எண்ணை உயரவிடாமல் காக்கக்கூடும். அதனால் ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்.