சம்பளத்துக்கு இன்னும் ஐந்து நாள்! அடுப்படியில் என்ன இருக்கிறது?



சம்பளம் வாங்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. கையிலிருந்த பணம் கரைந்துவிட்டது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் பசியோடு வருவார்கள். வேலைக்குப் போனவரும் வருவார். "வீட்டில் ஒன்றுமே இல்லையே, கடையில் பற்று எழுதி வாங்கிவிடலாமா?" என்று உங்கள் மனம் கேட்கும்.

சற்றுப் பொறுங்கள். உண்மையிலேயே ஒன்றும் இல்லையா? மூலையில் வாடிக் கிடக்கும் அரை முட்டைக்கோஸ், கூடைக்குள் இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு டின் மீன், ஒரு கைப்பிடி நெத்திலி, பொட்டலத்தின் அடியில் கொஞ்சம் பருப்பு, காய்ந்துபோன நாலு துண்டு ரொட்டி, நேற்று மிஞ்சிய சோறு! தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் ஒரு வேளைக்குப் போதாதுதான். சேர்த்துப் பார்த்தால் இரண்டு மூன்று நாள் சமையல் உங்கள் கண்முன்னே இருக்கிறது.

கடைக்குப் போகுமுன் அடுப்படியைப் பாருங்கள். முதலில் கெடக்கூடியதை முதலில் சமையுங்கள். கெட்டுவிட்டதைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். வீட்டுச் சிக்கனம் என்பது இந்த மூன்றுதான்.

நம் பாட்டிமார்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. 1942 முதல் 1945 வரை, ஜப்பான்காரன் காலத்தில், அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கையும் கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். இன்று அந்தப் பஞ்சம் இல்லை. மலிவு விற்பனை என்றதும் இரண்டுக்கு மூன்றாக வாங்கி வருகிறோம்; பாதியைக் குப்பையில் போடுகிறோம். 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணான உணவில், 100-க்கு 60 பங்கு வீடுகளில் வீணானது என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் கணக்குச் சொன்னது. குப்பைக்குப் போவது வெறும் காய்கறியா? வெயிலிலும் மழையிலும் உழைத்த உழைப்பல்லவா!

முதலில் கணக்கெடுங்கள்

வாரத்தில் ஒருநாள், கடைக்குப் போவதற்கு முன், கால் மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்பெட்டி, காய்கறிக் கூடை, டப்பாக்கள் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். ஒரு தாளில் மூன்று வரிசையாக எழுதுங்கள்.

இன்றே சமைக்க வேண்டியவை: கீரை, மீன், மிஞ்சிய சோறு, தேங்காய்த் துருவல்.

இரண்டு மூன்று நாள் தாங்குபவை: கத்தரிக்காய், பயற்றங்காய், தக்காளி, மாவு.

பொறுத்திருப்பவை: பருப்பு, கருவாடு, நெத்திலி, வெங்காயம், பூசணிக்காய், டின் மீன்.

முதல் வரிசை தீர்ந்த பிறகே மூன்றாம் வரிசையில் கை வையுங்கள். புதிதாக வாங்கிய பொருளைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் நகர்த்துங்கள். பிள்ளைகளில் ஒருவரை இந்தக் கணக்கை எழுதச் சொல்லுங்கள். வீட்டு நிலைமையை அவர்களும் அறிந்துகொள்ளட்டும்.

இனி, இருப்பதைக் கொண்டு செய்யக்கூடிய சில சமையல்கள். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு அளவு சொல்லியிருக்கிறோம்.

நெத்திலி வறுத்த சோறு

குளிர்பெட்டியில் வைத்த சோறு 5 கோப்பை, நெத்திலி ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம் 6, காய்ந்த மிளகாய் 4, பூண்டு 3 பல், முட்டை 2, மிஞ்சிய காய்கறி எதுவானாலும் ஒரு கோப்பை, கறிவேப்பிலை, எண்ணெய் 3 மேசைக்கரண்டி.

நெத்திலியைக் கழுவிப் பிழிந்து, எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்துத் தனியே எடுங்கள். வெங்காயம், மிளகாய், பூண்டு மூன்றையும் இடித்து அதே எண்ணெயில் வாசம் வரும்வரை வதக்குங்கள். பொடியாக நறுக்கிய காய்கறியையும் கறிவேப்பிலையையும் போட்டுப் புரட்டுங்கள். ஓர் ஓரமாக ஒதுக்கி, முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். சோற்றைக் கட்டியில்லாமல் உதிர்த்துப் போட்டு, ஆவி பறக்கும் வரை நன்றாகச் சூடாக்குங்கள். இறக்கும்போது நெத்திலியைத் தூவுங்கள். நெத்திலியிலேயே உப்பு இருப்பதால் ருசி பார்த்துத்தான் உப்புப் போட வேண்டும்.

கதம்பக் கூட்டு

அரைக் கத்தரிக்காய், ஒரு காரட், நாலு பயற்றங்காய், ஒரு துண்டுப் பூசணி என்று மிஞ்சியிருக்கும் காய்களுக்கு ஏற்றது இது. காய் 3 கோப்பை என்றால் பருப்பு 1 கோப்பை போதும். பருப்பை மஞ்சள்தூளுடன் வேகவையுங்கள். கெட்டியான காய்களை முதலிலும், மெதுவான காய்களைப் பிறகும் போடுங்கள். தேங்காய்த் துருவல், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் கடுகு தாளியுங்கள். பாகற்காயை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். மற்றக் காய்களின் ருசியையும் அது கசப்பாக்கிவிடும்.

டின் மீன், உருளைக்கிழங்குக் குழம்பு

ஒரு டின் மீனை அப்படியே பிரட்டினால் இரண்டு பேருக்குத்தான் வரும். இரண்டு உருளைக்கிழங்கை வெட்டி, வெங்காயம், மீன் மசாலைத்தூள், சிறு எலுமிச்சை அளவு புளி கரைத்த நீர் சேர்த்து வேகவைத்து, கடைசியில் மீனையும் டின்னில் உள்ள தக்காளிச் சாற்றையும் சேருங்கள். ஐந்து பேருக்குத் தாராளமாக வரும். மீன் மிஞ்சினால் டின்னோடு வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். உப்பிப்போன டின்னைத் திறக்கவே வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

பசியாற இரண்டு

காய்ந்த ரொட்டியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்து வையுங்கள். கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள்தூள் தாளித்து, ரொட்டியைப் போட்டு நீர் தெளித்துக் கிளறினால் ரொட்டி உப்புமா தயார். புளித்துப்போன தோசை மாவில் கொஞ்சம் ரவையும் நறுக்கிய வெங்காயமும் கலந்து கனமான ஊத்தப்பமாக ஊற்றினால் புளிப்பு தெரியாது.

தோலும் உணவுதான்

பீர்க்கங்காய்த் தோலை வதக்கி, காய்ந்த மிளகாய், உளுத்தம்பருப்பு, புளியுடன் அரைத்தால் அருமையான துவையல். தர்ப்பூசணியில் சிவந்த பகுதியைத் தின்ற பின், பச்சைத் தோலைச் சீவிவிட்டு, வெள்ளைப் பகுதியைச் சுரைக்காயைப்போல் கூட்டுக்குப் போடலாம்.

கொல்லையில் மரவள்ளி இருந்தால் அது பெரிய துணை. ஆனால் அதில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு. ஆகவே பச்சையாகத் தின்னக் கூடாது. தோலை முழுவதும் உரித்து, சிறு துண்டுகளாக வெட்டி, நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு சம்பலோடு பரிமாறுங்கள்.

சிக்கனம் வேறு, நஞ்சு வேறு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள்.

மிஞ்சிய சோற்றை வெளியே வைத்தால் அதில் ஒருவகைக் கிருமி பெருகும். அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. முகர்ந்து பார்த்தாலும் தெரிவதில்லை. எனவே சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சோற்றை அகலமான தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்து, மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுங்கள். ஒருமுறை சூடாக்கியதை மறுமுறை சூடாக்க வேண்டாம். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மிஞ்சாத அளவுக்கே உலை வையுங்கள்.

பழைய சோறு உண்ணும் வழக்கம் உள்ளவர்கள் இரவுச் சோறு ஆறியவுடன், சுத்தமான சட்டியில் சோறு மூழ்க நீர் ஊற்றி மூடிவைத்து, காலைப் பசியாறலுக்கே முடித்துவிட வேண்டும். பகல் முழுதும் திறந்து கிடந்த சோற்றில் நீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது, கெட்ட சோறுதான். கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் அன்றன்று வடித்த சோறே நல்லது.

பூஞ்சை பிடித்த நிலக்கடலை, ரொட்டி, மாவு ஆகியவற்றைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தாதீர்கள். 1988-ஆம் ஆண்டு பேரா மாநிலத்தில், அரிசி மாவில் செய்த ஒருவகை மீ உண்ட 13 குழந்தைகள் மாண்டுபோனார்கள். அப்லாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சே அதற்குக் காரணம் என்று ஆய்வு செய்த மருத்துவர்கள் எழுதினார்கள். ஒரு பிடி கடலையைக் காப்பாற்றப் போய்ப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கலாமா? பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் அப்படியே. அதன் நஞ்சும் வேகவைத்தால் போகாது.

மிச்சமெல்லாம் அம்மாவுக்கா?

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் நல்லதைக் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, நேற்றைய குழம்பையும் அடிப்பிடித்த சோற்றையும் தாய் உண்பதுதான் வழக்கமாக இருக்கிறது. அதைத் தியாகம் என்று பாராட்டவும் செய்கிறோம். வேண்டாம், சகோதரிகளே! குப்பைக்குப் போக வேண்டியதை உங்கள் வயிற்றில் போடுவது சிக்கனம் ஆகாது. நீங்கள் நோயில் படுத்தால் ஒருநாள் கூலியும் போகும், மருந்துச் செலவும் வரும். மிச்சம் பிடித்த காசு எங்கே நிற்கும்?

மிஞ்சியதைப் பக்குவமாகப் புதிய சமையலாக்கி, எல்லாரும் ஒன்றாக அமர்ந்து ஒரே உணவை உண்ணுங்கள். ஆண்களே, அடுப்படிக் கணக்கு உங்களுக்கும் உரியதுதான். கடைக்குப் போகுமுன் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.

இன்று மாலையே ஒரு தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் நுழையுங்கள். சம்பள நாள் வரை பற்று எழுதாமல் ஓட்டிவிட முடியும் என்பது உங்களுக்கே தெரியவரும்.